தேவதைகளுக்குக் கீழே 35 நிமிடம்: லண்டன் நத்தார் வெளிச்ச நடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

டிசம்பர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, எங்கள் முதியோர் கூடலைச் சேர்ந்த 14 பேரை மத்திய லண்டனுக்கு நத்தார் (கிறிஸ்மஸ்) வெளிச்சம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். வழிகாட்டி ஒருவர் முன்னே நடந்தார். நான் மொழிபெயர்த்தேன். இன்னொரு தொண்டர் பின்னே வந்தார். ஒன்றரை மணி நேரத்தில் முடியவேண்டிய நடை இரண்டே கால் மணி நேரம் இழுபட்டது. நடுவில் ஒரு தம்பதி தொலைந்து போனார்கள். கடைசி இடமான ட்ரஃபல்கர் சதுக்கத்துக்கு எட்டுப் பேர்தான் வந்து சேர்ந்தார்கள். பத்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, அதே வழிகாட்டியோடு, பாதையைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு தடவை போனோம். அந்த இரண்டு மாலைகளில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை எனக்குத் தெரிந்தவரை முழுமையாக எழுதிவைக்கிறேன். வயதானவர்களோடு இப்படி ஒரு நடை போக நினைப்பவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

யார் போனோம்

வந்தவர்களுக்கு 66 வயதிலிருந்து 84 வயது வரை. ஹரோ, ஈஸ்ட்ஹாம், ரூட்டிங் பக்கங்களில் 20, 30 வருடமாக இருப்பவர்கள். எல்லோர் கைப்பையிலும் ஃப்ரீடம் பாஸ் இருக்கிறது. பஸ்சிலும் டியூப் என்ற நிலத்தடி ரயிலிலும் காசு கொடுக்காமல் போய்வரலாம். இருந்தும் பாதிப் பேர் ரீஜண்ட் வீதி வெளிச்சத்தை ஒரு தடவைகூட நேரில் கண்டதில்லை. உழைத்த காலத்தில் கடை, பெற்றோல் நிலையம், இரவு வேலை. அப்புறம் பேரப்பிள்ளைகள். இப்போது நேரம் கிடைத்திருக்கிறது, ஆனால் இருட்டிய பிறகு தனியாக வெளிக்கிடப் பயம். "குழுவாப் போறதெண்டால் வாறம்" என்று அவர்களே கேட்டார்கள். பெரும்பாலானோர் சைவர்கள், மூன்று பேர் கத்தோலிக்கர்கள். வெளிச்சம் பார்க்கும் ஆசையில் அவர்களுக்குள் எந்த வித்தியாசத்தையும் நான் காணவில்லை.

இரண்டு பேர் பொல்லு ஊன்றி நடப்பவர்கள். ஒருவர் காதுக் கருவி போட்டிருந்தார். நாலு பேருக்கு நீரிழிவு. இந்த விவரங்கள் எல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் வழிகாட்டிக்கு நான் அனுப்பிய மின்னஞ்சலில் "14 முதியவர்கள், மெதுவாக நடப்பார்கள்" என்ற ஒரு வரிதான் இருந்தது.

வழிகாட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் புளூ பேட்ஜ் என்ற சுற்றுலா வழிகாட்டித் தகுதி பெற்றவர். நீண்ட படிப்பையும் தேர்வுகளையும் முடித்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும். மனிதர் விஷயம் தெரிந்தவர், பொறுமைசாலி, பேசுவதில் வல்லவர். நடந்த பிசகுகளுக்கு அவரைக் குற்றம் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

பாதை இதுதான்: ஒக்ஸ்போர்ட் சர்க்கஸ் டியூப் நிலையத்தின் வாசலில் மாலை 5:30க்குச் சந்திப்பு. ஒக்ஸ்போர்ட் வீதியில் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி, ரீஜண்ட் வீதியில் இறங்கி, இடப்பக்கம் ஃபூபர்ட்ஸ் பிளேஸ் வழியாகக் கார்னபி வீதி. பிறகு பீக் வீதி வழியாக மறுபடி ரீஜண்ட் வீதி, பிக்கடிலி சர்க்கஸ், கடைசியாக ட்ரஃபல்கர் சதுக்கத்தில் நோர்வேயிலிருந்து வரும் பெரிய நத்தார் மரம். எல்லாமாக இரண்டரை கிலோமீட்டர் வராது. காகிதத்தில் பார்க்க மிகச் சுலபமான வழி.

முதல் மாலை

பிசகு நடை தொடங்குவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒக்ஸ்போர்ட் சர்க்கஸ் என்பது நாலு மூலைச் சந்தி. டியூப் நிலையத்துக்கு நாலு மூலையிலும் வாசல்கள் இருக்கின்றன. "ஸ்டேசன் வாசல்" என்று நான் சொன்னதை ஒவ்வொருவரும் தாங்கள் வெளியே வந்த வாசலாக எடுத்துக்கொண்டார்கள். நத்தாருக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, மாலை நேரம், சனம் தோளோடு தோள் இடித்துப் போகிறது. எல்லோரையும் ஒரு மூலைக்குச் சேர்க்க 25 நிமிடம் ஆனது. முதலில் வந்தவர்கள் அந்த 25 நிமிடமும் ஐந்து பாகைக் குளிரில் அசையாமல் நின்றார்கள். நடந்தால் உடம்பு சூடாகும். நின்றால் பாதத்திலிருந்து குளிர் ஏறும். முதல் வார்த்தையை அவர்கள் கேட்டபோதே பாதி சக்தி போய்விட்டது.

வழிகாட்டி நல்ல கதையோடு தொடங்கினார். லண்டன் வீதிகளில் நத்தார் விளக்கு போடும் பழக்கம் ரீஜண்ட் வீதியில் 1954இல் ஆரம்பித்தது. அந்த வீதியின் வணிகர்கள் சேர்ந்து அதைச் செய்தார்கள். ஒக்ஸ்போர்ட் வீதி 1959இல் பின்தொடர்ந்தது. 1967இல் பொருளாதார நெருக்கடியால் ஒக்ஸ்போர்ட் வீதி இருண்டது. 1978இல்தான் விளக்குகள் திரும்பி வந்தன. இதை அவர் மூன்று நிமிடம் சொன்னார். நான் மூன்று நிமிடம் தமிழில் சொன்னேன். நான் சொன்னதை என்னருகே நின்ற ஐந்து பேர் கேட்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு பஸ் இரைச்சலும் கடைப் பாட்டும்தான் கேட்டது.

அப்புறம் நடந்தது எளிமையான கணக்கு. ஒவ்வொரு பேச்சும் இரண்டு மொழியில் போவதால் ஒவ்வொரு இடத்திலும் நிற்கும் நேரம் இரட்டிப்பானது. வழிகாட்டி மணிக்கூட்டைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவர் அடுத்த இடத்துக்கு மெல்ல நகரத் தொடங்கினார். அவரோடு வேகமாக நடப்பவர்கள் போனார்கள். என்னோடு கேட்பவர்கள் நின்றார்கள். பொல்லு ஊன்றியவர்கள் பின்னால் வந்த தொண்டரோடு இருந்தார்கள். ஒரு குழு மூன்றாகிவிட்டது.

ஒக்ஸ்போர்ட் சர்க்கஸில் மூலைக்கு மூலை குறுக்காகக் கடக்கலாம். 2009இல் டோக்கியோவின் ஷிபுயா சந்தியைப் பார்த்து அப்படி அமைத்தார்கள். இளையவர்களுக்கு அது பெரிய வசதி. எங்களில் ஒன்பது பேர் பச்சை விளக்கில் கடந்தார்கள், மிச்சப் பேர் நடுவில் பயந்து திரும்பி வந்தார்கள். மறுபடி ஒன்றுசேரப் பத்து நிமிடம்.

ரீஜண்ட் வீதியில் இறங்கியதும் தேவதைகள் தெரிந்தன. 2016 முதல் அந்த வீதிக்கு மேலே ஒளித் தேவதைகள்தான் இறக்கை விரித்துத் தொங்குகின்றன. 1954இன் அலங்காரத்தை நினைவில் வைத்துச் செய்தவை. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட எல்இடி மின்குமிழ்கள் என்று வழிகாட்டி சொன்னார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆனால் நிற்க இடமில்லை. நின்றால் பின்னால் வருபவர் இடிப்பார். பார்த்துக்கொண்டே நடந்தால் முன்னால் போகிறவர் குதிக்காலில் கால் படும். "கார்னபியில நிண்டு கதைப்பம், வாங்கோ" என்று நானே அவசரப்படுத்தினேன். ஃபூபர்ட்ஸ் பிளேஸில் இடப்பக்கம் திரும்பினோம்.

கார்னபியில் தலை எண்ணினேன். 12. மூன்று தடவை எண்ணியும் 12தான். 78 வயது ஐயாவையும் 74 வயதான அவருடைய மனைவியையும் காணவில்லை. அவருடைய கைபேசி அணைந்திருந்தது. அம்மாவிடம் கைபேசி இல்லை. அதே நேரத்தில், முழங்கால் நோவில் ஒருவர் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு அழைத்து, அவர் வரும்வரை காத்திருந்தார். மற்ற மூன்று பேருக்குக் கழிப்பறை அவசரம். பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் டாக்சி பிடித்து வீட்டுக்கே போய்விட்டார்கள். மிச்ச எட்டுப் பேரை வழிகாட்டியோடும் தொண்டரோடும் அனுப்பிவிட்டு நான் வந்த வழியே திரும்பி ஓடினேன்.

எட்டுப் பேரும் இரவு 7:40க்கு ட்ரஃபல்கர் சதுக்கத்தை அடைந்தார்கள். மொழிபெயர்க்க நான் இல்லை. மரத்தின் கதையை வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்ல, களைத்துப்போன எட்டுப் பேர் கேட்டுவிட்டு, ஐந்து நிமிடத்தில் டியூபுக்கு இறங்கினார்கள்.

தொலைந்தவர்கள் கண்டது

அந்தத் தம்பதியை எங்கே கண்டேன் என்பதுதான் இந்த ஆய்வின் மையம் என்று நான் நினைக்கிறேன்.

அவர்கள் ரீஜண்ட் வீதியில், ஃபூபர்ட்ஸ் பிளேஸுக்குச் சற்று முன்னால், ஒரு கடையின் உள்வாங்கிய வாசல் ஓரத்தில் நின்றார்கள். நாங்கள் திரும்பியதை அவர்கள் காணவில்லை. ஐயா ஒரு படம் எடுத்திருக்கிறார். நிமிர்ந்து பார்த்தபோது எங்களைக் காணோம். "நாங்கள் எங்கையும் போகேல்லைப் பிள்ளை. துலைஞ்சால் நிண்ட இடத்திலயே நிக்கவேணும் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லித்தாறனாங்கள்தானே" என்றார் ஐயாவின் மனைவி, அந்த அன்ரி. 35 நிமிடம் அங்கேயே நின்றிருக்கிறார்கள். பயந்து அழுதிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்த எனக்கு, அவர்கள் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து, கைகோத்து, மேலே பார்த்துக்கொண்டிருந்த காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது.

டியூபுக்கு நடக்கும்போது இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். தேவதைகளைத் தாங்குகிற இரும்புக் கம்பிகள் இரண்டு பக்கக் கட்டடங்களிலும் எங்கே பிணைத்திருக்கிறது, காற்றடித்தால் இறக்கை எப்படி மெல்ல ஆடுகிறது, தூரத்தில் பார்க்கும்போது ஒரே கோடாகத் தெரிவது கிட்ட வந்தால் எப்படிப் புள்ளி புள்ளியாகப் பிரிகிறது. ஐயா கேட்டார்: "அந்த டபுள்டெக்கர் பஸ்சில மேல இருக்கிற ஆக்களுக்கு இறக்கை முகத்துக்கு நேர வருது, கண்டனீரே பிள்ளை?" நான் காணவில்லை. அந்த வீதியில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன், அன்றும் நடந்தேன், அதைக் காணவில்லை.

அந்த வாரம் 14 பேருக்கும் தொலைபேசி எடுத்தேன். எது ஞாபகத்தில் நிற்கிறது, எப்போது கஷ்டமாக இருந்தது என்று இரண்டே கேள்வி. தம்பதியைத் தவிர மற்ற எவரும் வெளிச்சத்தைப் பற்றி விவரமாக எதுவும் சொல்லவில்லை. "அழகாத்தான் இருந்தது" என்றார்கள், அன்பினால். 81 வயது அம்மா ஒருவர் மட்டும் மனதில் பட்டதை அப்படியே சொன்னார்: "நான் வெளிச்சம் பாக்க வந்தனான் பிள்ளை. ஆக்களின்ர முதுகைத்தான் பாத்தனான்." நோர்வே மரத்தின் கதை எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆக, நடையில் இருந்தவர்கள் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. நடையிலிருந்து தவறிப்போன இருவர்தான் பார்த்தார்கள்.

எங்கே பிசகியது

முதலில் சனத்தைக் குற்றம் சொன்னேன். சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது நான்தான், ஆனாலும் சனம் இருந்தது காரணத்தின் ஒரு பங்குதான். சனமே இல்லாத வீதியிலும் இந்த நடை பாதிதான் சரியாக வந்திருக்கும். ஏனென்றால் நாங்கள் பாதையைத் திட்டமிட்டோம், நிற்கும் இடங்களைத் திட்டமிடவில்லை.

கோயில் வீதி, சந்தை, கட்டடம் எல்லாம் கண் மட்டத்தில் இருப்பவை, நடந்துகொண்டே பார்க்கலாம். நத்தார் வெளிச்சம் தலைக்கு மேலே இருக்கிறது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு எவராலும் பத்திரமாக நடக்க முடியாது. வயதானவர்களுக்கு இது இன்னும் கடினம்; கழுத்தைப் பின்னால் சாய்க்கும்போதே சமநிலை குறையும், சிலருக்குத் தலைசுற்றும். பிரகாசமான விளக்கைப் பார்த்துவிட்டு இருண்ட நடைபாதையைப் பார்த்தால் கண் பழகவும் அவர்களுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். ஆகவே அவர்கள் நடக்கும்போது நிலத்தைத்தான் பார்ப்பார்கள். நின்றால்தான் மேலே பார்ப்பார்கள், அதுவும் முதுகைச் சாய்க்க ஒரு சுவரோ, உட்கார ஒரு கல்லோ இருந்தால். தம்பதிக்குத் தற்செயலாக அது கிடைத்தது: காற்றுப் படாத ஒரு வாசல் ஓரம், சாய ஒரு சுவர், அவசரப்படுத்த யாருமில்லை.

இதற்கு எதிராக ஒரு உண்மையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நின்றால் குளிரும். திறந்த வெளியில் நீண்ட நேரம் நின்றால் நீரிழிவு உள்ளவர்களின் பாதம் விறைத்துப்போகலாம். அந்தத் தம்பதியும் ரயிலில் ஏறியபோது நடுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் நான் இந்தக் கதையை இவ்வளவு நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எனவே எங்கே நிற்பது என்ற கேள்விக்குள் காற்று, மழை, இருக்கை, கழிப்பறை எல்லாம் அடங்கும். வெளிச்சம் எங்கே நன்றாகத் தெரிகிறது என்பது அதில் ஒரு பகுதிதான்.

நேரமும் பிழை. லண்டனில் டிசம்பர் நடுவில் சூரியன் மாலை 3:50 அளவிலேயே மறைந்துவிடும். ஊரில் இருட்ட ஆறரை ஆகும் என்ற பழக்கம் எங்களுக்குள் இன்னும் கிடக்கிறது. வெளிச்சம் பார்ப்பதென்றால் இரவு என்று நாங்களாகவே ஐந்தரையைத் தேர்ந்தெடுத்தோம். சூரியன் மறைந்த முதல் அரைமணி நேரத்தில் வானம் கடும் நீலமாக இருக்கும். விளக்கும் தெரியும், விளக்கைத் தாங்கும் கட்டடத்தின் விளிம்பும் தெரியும். ஐந்தரைக்கு வானம் வெறும் கறுப்பு. வேலை நாளென்றால் அலுவலகம் விட்ட சனமும் அப்போதுதான் வீதிக்கு வரும்.

கழிப்பறை விஷயத்தை எழுதக் கூச்சப்படத் தேவையில்லை. மூன்று பேர் அதனால்தான் போனார்கள். ட்ரஃபல்கர் சதுக்கத்தின் வடபுறத்தில் தேசிய ஓவியக்கூடம் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை, நல்ல கழிப்பறைகள் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள். நாங்கள் அந்த இடத்தை நடையின் கடைசியில் வைத்திருந்தோம். போய்ச் சேர்ந்தபோது மூடி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அதே இடத்தைத் தொடக்கமாக வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தானாகவே தீர்ந்திருக்கும்.

கடைசியாக மொழி. வீதியில் நின்று கதை சொல்லி, அதையே மறுபடி தமிழில் சொல்வது நடக்காத காரியம். கதையை வேறு எங்காவது, சூடான இடத்தில், முன்கூட்டியே சொல்லவேண்டும்.

கதையை மண்டபத்துக்குக் கொண்டுபோனோம்

வழிகாட்டியை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் தன் குறிப்புகளை அனுப்பினார். அடுத்த ஞாயிறு கூடலில், தேநீர் குடித்துக்கொண்டு, அந்தக் கதைகளை நான் தமிழில் சொன்னேன். இந்த முழு முயற்சியிலும் எனக்கு மிகப் பிடித்த ஒரு மணி நேரம் அதுதான்.

1954 என்ற ஆண்டை வீதியில் சொன்னபோது அது வெறும் எண்ணாகப் போயிருந்தது. மண்டபத்தில் அதன் முன்கதையையும் சொல்ல நேரமிருந்தது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கும்போதே பிரிட்டனில் இருட்டடிப்பு வந்துவிட்டது. குண்டு போடும் விமானங்களுக்கு நகரம் தெரியக்கூடாது என்று வீதி விளக்குகளை அணைத்தார்கள், ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். போர் முடிந்த பிறகும் உணவுப் பங்கீட்டுக் கட்டுப்பாடு தொடர்ந்தது. இறைச்சிப் பங்கீடு முடிந்து கடைசி உணவுக் கட்டுப்பாடும் போனது 1954 ஜூலையில். அதே வருட நத்தாருக்குத்தான் ரீஜண்ட் வீதியில் விளக்கு ஏற்றினார்கள்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு ஐயா தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் இருந்த வருடங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் சில சொட்டு மண்ணெண்ணெய், அந்தச் சிறு சுடரில் பிள்ளைகளைப் படிப்பித்தது. விமானச் சத்தம் கேட்டால் அதையும் ஊதி அணைத்தது. இன்னொருவர், முதன்முதல் மறுபடி மின்குமிழ் எரிந்த இரவில் தன் வீட்டில் யாரும் படுக்கவே போகவில்லை என்றார். இருட்டிலிருந்து வந்த ஒரு நகரம் ஏன் வீதிக்கு மேலே விளக்குத் தொங்கவிட்டது என்பதை அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு விளக்கவே தேவைப்படவில்லை.

மரத்தின் கதையும் அப்படித்தான். ஹிட்லரின் படை நோர்வேயைப் பிடித்தபோது மன்னர் ஏழாம் ஹோகோன் லண்டனுக்கு வந்து, 1945 வரை இங்கிருந்தே போராட்டத்தை நடத்தினார். அந்த ஆதரவுக்கு நன்றியாக ஒஸ்லோ நகரம் 1947 முதல் ஒவ்வொரு வருடமும் ஒரு ஊசியிலை மரத்தை அனுப்புகிறது. நவம்பரில் வெட்டி, கடல்வழியாகக் கொண்டுவந்து, டிசம்பரின் முதல் வியாழக்கிழமை விளக்கேற்றுகிறார்கள். 20 மீற்றருக்கு மேல் உயரம். நோர்வே வழக்கப்படி விளக்குச் சரங்கள் உச்சியிலிருந்து நேராகக் கீழே இறங்கும். பந்தோ பட்டோ எதுவும் இல்லை. கதை தெரியாமல் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். 2021இல் கிளைகள் குறைவாக இருக்கிறதென்று லண்டன்காரர்களே கேலி செய்தார்கள். அகதியாக வந்த மன்னரின் கதையைக் கேட்டபிறகு எங்கள் ஆட்களுக்கு அந்த மரத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆவல் வந்துவிட்டது.

இன்னொரு சிறு கதையும் சொன்னேன். சின்ன விளக்குச் சரத்தை ஆங்கிலத்தில் "ஃபெயரி லைட்ஸ்", அதாவது தேவதை விளக்குகள் என்பார்கள். ட்ரஃபல்கர் சதுக்கத்துக்குப் பக்கத்திலே ஸ்ட்ராண்டில் இருக்கும் சவோய் அரங்கு 1881இல், ஜோசப் ஸ்வானின் மின்குமிழ்களால், முழுக்க மின்சாரத்தில் ஒளிர்ந்த முதல் பொதுக் கட்டடமானது. அடுத்த வருடம் நவம்பரில் அங்கே மேடையேறிய 'அயோலாந்தி' இசை நாடகத்தில் தேவதைகளாக நடித்த பெண்கள் தலைமுடியில் மின்கலத்தில் எரியும் குட்டி விளக்குகளைச் சூடிக்கொண்டு வந்தார்கள். அதே 1882 டிசம்பரில் நியூயோர்க்கில் எடிசனின் சகா எட்வர்ட் ஜோன்சன் தன் வீட்டு நத்தார் மரத்தை 80 மின்குமிழ்களால் அலங்கரித்தார். இரண்டும் ஒரு மாத இடைவெளிக்குள்.

இரண்டாவது மாலை

11 பேர் வந்தார்கள். முழங்கால் நோவுக்காரரும் வேறு இருவரும் வரவில்லை. இந்தத் தடவை வழிகாட்டியும் நானும் இரண்டு நாள் முன்பே போய், நிற்கும் இடங்களை மட்டும் தேடினோம். அவற்றைத் தரிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டோம். நாலு தரிப்பு. இடையில் நடை, நடக்கும்போது பேச்சு இல்லை.

பிற்பகல் 3:40க்கு தேசிய ஓவியக்கூடத்தின் உள்ளே சந்திப்பு. சூடு, இருக்கை, கழிப்பறை. யாரும் வாசல் மாறவில்லை. ஆட்களை இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்த்தோம். உங்கள் சோடியைத் தேடுவது உங்கள் பொறுப்பு. தலை எண்ணும் வேலை பாதியாகக் குறைந்தது. கடைசியாக வரும் தொண்டரிடம் ஒளிரும் பட்டை கட்டிய குடை இருந்தது.

4:10க்கு முதல் தரிப்பு, மரம். வானம் அந்த நீலத்தில் இருந்தது. சதுக்கத்தின் கல் விளிம்பில், கொண்டுவந்த சிறு மெத்தைகளை விரித்து உட்கார்ந்தார்கள். ஒரு பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. வழிகாட்டி பேசியது ஒன்றே ஒன்றுதான்: சரங்கள் கிடையாகச் சுற்றாமல் நேராக இறங்குவதைப் பாருங்கள் என்றார். அவர்கள் ஏற்கனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு நிமிடம் என்று எழுதியிருந்தோம், பன்னிரண்டு நிமிடம் இருந்தார்கள்.

ஹேமார்க்கெட் வழியாகப் பிக்கடிலி சர்க்கஸ். அந்த வீதி மெல்லிய ஏற்றம். நாங்கள் கணக்கில் எடுக்காத ஒன்று, பொல்லு ஊன்றியவர்களுக்குச் சிரமமாக இருந்தது. பிக்கடிலியில் வைத்த இரண்டாவது தரிப்பு தோல்வி. அங்கே இருக்கும் பிரம்மாண்டமான விளம்பரத் திரைகள் மற்ற எல்லா வெளிச்சத்தையும் விழுங்கிவிடுகின்றன. இரைச்சலும் அதிகம். மூன்று நிமிடத்தில் கிளம்பினோம். அடுத்த முறை அது வேண்டாம்.

மூன்றாவது தரிப்பு ஏர் வீதி. ரீஜண்ட் வீதி பிக்கடிலியிலிருந்து வளைந்து போகிறது. ஜோன் நாஷ் வகுத்த வளைவு அது, இப்போதுள்ள கட்டடங்கள் பிற்காலத்தவை. அந்த வளைவில் ஏர் வீதி ஒரு பெரிய கல் வளைவுக்குக் கீழே புகுந்து போகும். மழை விழாது, காற்றும் குறைவு, சாயச் சுவர் இருக்கிறது. தூறல் தொடங்கியிருந்தது, நாங்கள் நனையவில்லை. வடக்கிலிருந்து வந்தபோது தேவதைகள் ஒரே நேரத்தில் வரிசையாகத் தெரிந்துவிட்டன. தெற்கிலிருந்து வரும்போது வளைவு அவற்றை மறைத்து, ஒவ்வொன்றாகத்தான் காட்டுகிறது. முதல் இறக்கை, அடுத்த அடியில் இரண்டாவது, பிறகு மூன்றாவது. 81 வயது அம்மா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராக என் கையைப் பிடித்து, "இண்டைக்குப் பாத்திட்டன்" என்றார்.

நாலாவது தரிப்பு ஹெடன் வீதி. வாகனம் வராத, உணவகங்கள் உள்ள சிறு சந்து. தேநீரும் கழிப்பறையும். அங்கிருந்து, அந்த ஐயா கொடுத்த யோசனைப்படி, ரீஜண்ட் வீதியைக் கடந்து, தெற்கே போகும் இரட்டைத் தட்டு பஸ்சில் ஏறினோம். ஐந்து பேர் மேல்தட்டுக்குப் போனார்கள். அவர் சொன்னது சரி. இறக்கைகள் கண்ணாடிக்கு நேரே, எட்டித் தொடலாம் போல வந்தன. ஆனால் படியேறும்போதே பஸ் நகர்ந்துவிட்டது; ஒருவர் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அடிபடவில்லை, எனக்கு உயிர் போய் வந்தது. இனிமேல் பஸ் புறப்படும் முதல் தரிப்பிடத்தில் ஏறினால் மட்டுமே, ஓட்டுநரிடம் சொல்லி, எல்லோரும் உட்கார்ந்த பிறகு கிளம்பச் சொல்லித்தான் மேலே விடுவேன்.

மாலை 6:10க்கு சாரிங் குரொஸ்ஸில் இறங்கினோம். 11 பேரும் இருந்தார்கள். ஒக்ஸ்போர்ட் வீதியைப் பார்க்கவில்லை என்று இரண்டு பேருக்குக் குறை, நியாயமான குறைதான். கார்னபியும் விட்டுப்போனது. முதல் பட்டியலில் இருந்த இடங்களில் பாதியைத்தான் தொட்டோம்.

அடுத்த டிசம்பருக்கான தாளை ஏற்கனவே எழுதிவிட்டேன். பிக்கடிலியை வெட்டியாயிற்று. ஹேமார்க்கெட் ஏற்றத்துக்குப் பதிலாக ஒரு தரிப்பிடத் தூரம் பஸ். நாலாவது தரிப்புக்குப் பிறகு ஒரு புது வரி சேர்த்திருக்கிறேன், ஐயாவும் அன்ரியும் கேட்டுக்கொண்டதால்: ரீஜண்ட் வீதி, ஃபூபர்ட்ஸ் பிளேஸுக்குச் சற்று முன்னால் உள்ள கடை வாசல் ஓரம், விரும்புகிறவர்களுக்கு மட்டும், 15 நிமிடம்.